கணினி ஒலியுடன் திரைப்பதிவு

திரைப்பதிவு என்பது கணினி அல்லது அலைபேசியின் திரையில் நிகழ்வதை, நிகழும்போதே காணொளிக் கோப்பாகச் சேமிப்பதாகும். திரையில் தெரிவதோடு அந்தக் கணினியிலிருந்து வெளிவரும் ஒலியும் சேர்ந்து பதிவாகுமானால் அது கணினி ஒலியுடன் கூடிய திரைப்பதிவு. கணினி ஒலி எனப்படுவது ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேட்கும் ஒலி. ஓடிக்கொண்டிருக்கும் பாடக் காணொளியின் ஒலி, இணையவழி வகுப்பில் எதிர்முனையில் பேசுபவரின் குரல், அகரமுதலிப் பக்கத்தில் ஒரு சொல்லை அழுத்தினால் கேட்கும் ஒலிப்பு ஆகியன இதில் அடங்கும். பதிவு செய்பவர் தம் வாயால் பேசுவது இதில் சேராது. அது மைக் எனப்படும் ஒலிவாங்கி வழியாகக் கணினிக்குள் நுழைவது.

இந்த வேறுபாடு தெரியாமல் போவதால்தான் பல திரைப்பதிவுகள் வீணாகின்றன. படம் தெளிவாக இருக்கும், ஒலியே இருக்காது. அல்லது பதிந்தவரின் குரல் மட்டும் இருக்கும், அவர் யாரோடு பேசினாரோ அவருடைய குரல் இருக்காது. பதிவை இயக்கிப் பார்க்கும்போதுதான் பிழை தெரியவரும். அதற்குள் வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்திருப்பார்கள்.

மலையில் ஒரு வகுப்பு

இந்தப் பிழையின் விலை இணையம் தடையின்றிக் கிடைக்கும் நகரத்தைவிட மலையில் அதிகம். நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மேலே, ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று ‘நாடு’ சேர்ந்த பெயர்களைக் கொண்ட ஊராட்சிகளில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என நினைத்துவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். மேடும் பள்ளமுமான இத்தகைய நிலத்தில் அலைபேசி அலைவரிசை ஊருக்கு ஊர் மாறும். ஒரு மேட்டில் கிடைப்பது அடுத்த பள்ளத்தில் கிடைக்காது.

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளும் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. நேரலை வகுப்பில் கேட்கலாம், அதற்கு இணைப்பு வேண்டும். இணைப்புக் கிடைக்காத மாணவருக்குப் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ பின்னர் வந்து சேரும் பதிவுதான் வகுப்பு.

செம்மேட்டில் இருந்துகொண்டு ஓர் ஆசிரியர் கூகுள் மீட் வழியாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவதாகக் கொள்வோம். அவர் குரல் மைக்கில் நுழைகிறது. இடையில் ஒரு மாணவி, “சார், மூணாவது வரியில மைனஸ் எப்படி வந்துச்சு?” என்று கேட்கிறாள். அவள் குரல் இணையம் வழியாக ஆசிரியரின் கணினிக்கு வந்து ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. மைக்கை மட்டும் பதியும் மென்பொருளில் ஆசிரியரின் விளக்கம் இருக்கும், மாணவியின் கேள்வி இருக்காது. மறுநாள் அதைக் கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் திடீரெனப் பாதியில் நிறுத்திக் காற்றோடு பேசுவதுபோல் தோன்றும். அவனுக்கும் அதே இடத்தில்தான் ஐயம் வந்திருக்கும். அந்த ஐயம் தன்னைப்போல் இன்னொருத்திக்கும் வந்தது என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

வகுப்புக்கு வெளியேயும் இதே கதைதான். மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் என்று ஒரு வழிக்கதை சொல்வதுண்டு. வெளியூரில் படிக்கும் பேரன் ஒருவன் காணொளி அழைப்பில் தாத்தாவை அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிப் பதிகிறான் என்று வைத்துக்கொண்டால், தவறான அமைப்பில் அவனுக்குக் கிடைப்பது அவனே கொட்டிய ‘ம்’ மட்டும்தான்.

ஒலி செல்லும் இரண்டு வழிகள்

கணினிக்குள் ஒலிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று உள்வழி. காற்றின் அழுத்த மாற்றத்தை மைக் சிறு மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஒலியட்டை அதை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்கி மென்பொருளிடம் கொடுக்கிறது. மற்றொன்று வெளிவழி. உலாவி, காணொளி இயக்கி, அழைப்புச் செயலி என ஒவ்வொன்றும் தன் ஒலியை எண்களாக இயங்குதளத்திடம் ஒப்படைக்கின்றன. இயங்குதளம் அவற்றைக் கூட்டிக் கலக்கி ஒலியட்டைக்கு அனுப்ப, ஒலியட்டை அதை மீண்டும் மின்னழுத்தமாக்கி ஸ்பீக்கருக்குத் தருகிறது.

ஒரு வீட்டின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும்போல இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. திரைப்பதிவு மென்பொருள் ‘ஒலி உள்ளீடு எது?’ என்று கேட்டால் இயங்குதளம் உள்வழியில் உள்ளவற்றை மட்டும் காட்டும். அதாவது மைக்கைக் காட்டும். வெளிவழியில் போய்க்கொண்டிருக்கும் ஒலியைத் திருப்பி உள்வழியில் விட யாராவது ஓர் இணைப்பு போட்டாக வேண்டும். இந்தக் கட்டுரையில் பின்னே வரும் முறைகள் எல்லாம் அந்த ஒரே இணைப்பைப் போடும் வெவ்வேறு வழிகளே.

ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து, அதன் எதிரே மைக்கைத் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒலி பதிவாகும், ஆனால் அறையைச் சுற்றி வந்த ஒலியாகப் பதிவாகும். மின்விசிறியும் சேர்ந்து வரும். தகரக் கூரையில் மழை இறங்கினால் பாடம் முழுகிவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் எதுவுமே பதிவாகாது.

1990-களின் ஒலியட்டைகளில் இந்த இணைப்பு வன்பொருளிலேயே இருந்தது. அட்டையிலிருந்த கலப்பிச் சில்லில் மைக், குறுவட்டு ஆகியவற்றோடு ‘எல்லாம் கலந்தது’ என்பதையும் பதிவுக்கான மூலமாகத் தெரிவு செய்யலாம். இதைப் பல நிறுவனங்கள் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்றன. சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளைச் செய்த கிரியேட்டிவ் நிறுவனம் ‘வாட் யூ ஹியர்’ என்று பெயரிட்டது. நீ கேட்பது எதுவோ அது என்னும் இந்தப் பெயர்தான் பொருத்தமானது. அந்த வசதி இல்லாத அட்டைகளில், ஹெட்போன் துளையிலிருந்து ‘லைன்-இன்’ துளைக்கு இருபுறமும் முனை உள்ள ஒரு வயரைச் செருகினார்கள். கொஞ்சம் இரைச்சல் சேரும் என்றாலும் அந்த வயர் இன்றும் வேலை செய்யும். பின்னாளில் மடிக்கணினிகளில் லைன்-இன் துளையும் மறைந்தது, ஸ்டீரியோ மிக்ஸும் பலவற்றில் மறைந்தது. அந்த வேலையை மென்பொருளே ஏற்றுக்கொண்டது.

லினக்ஸில்

தமிழ்நாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை லினக்ஸ் தொலைவில் உள்ள ஒன்றன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். பலர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு செய்தி. ஆனால் கணினி ஒலியைப் பதிவதில் மிக எளிய அமைப்பு லினக்ஸிடம்தான் இருக்கிறது.

லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றிலும் ஒலியை நெடுங்காலம் கையாண்டது பல்ஸ் ஆடியோ என்ற கட்டற்ற மென்பொருள். 2004-இல் பாலிப் ஆடியோ என்ற பெயரில் தொடங்கிய இது, 2008-இல் வெளியான உபுண்டு 8.04 முதல் உபுண்டுவில் இயல்பாகவே இடம்பெற்றது. கணினியில் உள்ள ஒவ்வொரு ஒலி வெளியீட்டுக்கும் இணையாக ‘மானிட்டர்’ என்ற ஓர் உள்ளீட்டை இது தானாகவே உருவாக்கி வைக்கிறது. வெளிவழியில் போகும் ஒலியின் நகல் அங்கே எப்போதும் காத்திருக்கும். மானிட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் கணினித் திரை என்று எண்ணிக் கடந்து போய்விடுவோர் பலர். இங்கே அதன் பொருள் ‘கண்காணிப்பது’, அதாவது ஒட்டுக்கேட்பது.

இதைத் தெரிவு செய்யப் ‘பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்’ என்ற சிறு மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். திரைப்பதிவு மென்பொருளில் பதிவைத் தொடங்கிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் திறந்து ‘ரெக்கார்டிங்’ என்ற பகுதிக்குச் சென்றால், பதிவு மென்பொருளின் பெயரும் அதன் அருகே ஒரு தெரிவுப் பட்டியலும் தெரியும். அதில் ‘மானிட்டர் ஆஃப்’ என்று தொடங்கும் வரியைத் தெரிவு செய்தால் அந்த நொடியிலிருந்து கணினி ஒலி பதிவாகத் தொடங்கும். பதிவு ஓடாதபோது இந்தப் பகுதி வெறுமையாக இருக்கும். அதைக் கண்டு மென்பொருள் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். ஒருமுறை செய்த தெரிவை அடுத்த முறைக்கும் பல்ஸ் ஆடியோ நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிம்பிள் ஸ்கிரீன் ரெக்கார்டர் என்ற மென்பொருளில் இதை நேரடியாகவே தெரிவு செய்யலாம். ஒலி வகையைப் பல்ஸ் ஆடியோ என வைத்து, மூலத்தில் மானிட்டரைக் குறித்தால் போதும். பழைய, குறைந்த திறன் கொண்ட மடிக்கணினிகளிலும் தடுமாறாமல் ஓடுவது இதன் சிறப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒலி மூலத்தை மட்டுமே எடுக்கும் என்பது குறை. பாடக் காணொளி ஒன்றை அப்படியே பதிய இது போதும். ஆசிரியர் குரலும் மாணவர் குரலும் சேர்ந்து வேண்டுமானால் போதாது.

அண்மைய வழங்கல்களில் பல்ஸ் ஆடியோவின் இடத்தைப் பைப்வயர் பிடித்துள்ளது. பெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) ஆகியவை முதல் அந்தந்த வழங்கலில் இதுவே இயல்பிருப்பு. பைப்வயர் பல்ஸ் ஆடியோவின் மொழியையும் பேசும் என்பதால் மேலே சொன்ன முறை மாறுவதில்லை. மாறியது திரைப் பகுதிதான். வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் எந்த மென்பொருளும் கேளாமல் திரையைப் படிக்க முடியாது. ‘எந்தத் திரையைக் காட்டலாம்?’ என்று ஒரு சாளரம் தோன்றி இசைவு கேட்கும். சிம்பிள் ஸ்கிரீன் ரெக்கார்டர் பழைய எக்ஸ் அமைப்புக்காக எழுதப்பட்டதால், வேலண்டில் கறுப்புத் திரை வந்தால், உள்நுழையும் பக்கத்தில் எக்ஸ் அமைப்பைத் தெரிவு செய்ய வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸில்

2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ஒலிக் கட்டமைப்பில், ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைத் திருப்பி எடுக்கும் ‘லூப்பேக்’ வசதியை மைக்ரோசாப்ட் சேர்த்தது. ஆனால் இது நிரலாளர்களுக்கான வசதி. பயனர் காணும் பட்டியலில் தோன்றாது. அந்த வசதியைப் பயன்படுத்தும் மென்பொருளில்தான் கிடைக்கும். பழைய முறையிலான ஸ்டீரியோ மிக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஒலி அமைப்புகளில் ‘ரெக்கார்டிங்’ பகுதிக்குச் சென்று, வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, முடக்கப்பட்ட கருவிகளைக் காட்டு என்பதைத் தெரிவு செய்தால், சில கணினிகளில் அது ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளிவரும். வராவிட்டால் கவலை இல்லை.

விண்டோஸ் 10 முதல் ‘கேம் பார்’ என்ற பதிவி கணினியோடே வருகிறது. விண்டோஸ் விசை, ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கணினி ஒலி தானாகவே சேரும். விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது என்பதால் இதில் ஒரு பொறி உண்டு. இது ஒரே ஒரு சாளரத்தை மட்டும் பதியும். உலாவியில் பாடத்தைத் தொடங்கிவிட்டு இடையில் பவர்பாயின்டுக்கு மாறிய ஆசிரியருக்கு, பதிவில் உலாவி மட்டுமே கிடைக்கும். வெறும் முகப்புத் திரையையும் கோப்பு உலாவியையும் இது பதியவே பதியாது. விண்டோஸ் 11-இல் ‘ஸ்னிப்பிங் டூல்’ செயலியும் காணொளி பதியக் கற்றுக்கொண்டுள்ளது. முதலில் ஒலியின்றி வந்த அதில் பின்னர் 2023-இல் கணினி ஒலியும் மைக்கும் சேர்க்கப்பட்டன.

ஓபிஎஸ் ஸ்டுடியோ

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே முகத்தோடு இயங்குவதும், கட்டணம் இல்லாததும், மூல நிரல் திறந்திருப்பதும் ஓபிஎஸ் ஸ்டுடியோவை ஆசிரியர்களுக்கு ஏற்றதாக்குகின்றன. 2012-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் விளையாட்டு நேரலைக்காகப் பிறந்தது. முதன்முறை திறப்பவருக்கு அதன் தோற்றம் மிரட்டும். வகுப்புக்குத் தேவையான பகுதி சிறியது.

கீழே ‘சோர்சஸ்’ என்ற பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தித் திரையைப் பிடிக்கும் மூலத்தைச் சேர்க்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒலிக் கலப்பிப் பெட்டி இருக்கும். அதில் ‘டெஸ்க்டாப் ஆடியோ’, ‘மைக்’ என இரண்டு பட்டைகள். டெஸ்க்டாப் ஆடியோ என்பதே கணினி ஒலி. விண்டோஸில் மேலே சொன்ன லூப்பேக் வழியாகவும், லினக்ஸில் மானிட்டர் வழியாகவும் ஓபிஎஸ் அதை எடுக்கிறது. வகுப்பு தொடங்குமுன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஆசிரியர் பேசினால் மைக் பட்டை ஆட வேண்டும். மறுமுனையில் ஒரு மாணவரை “வணக்கம்” சொல்லச் சொன்னால் டெஸ்க்டாப் பட்டை ஆட வேண்டும். பிறகு பத்து விநாடி பதிந்து, நிறுத்தி, இயக்கிக் கேட்க வேண்டும். இந்தப் பத்து விநாடியைச் செலவிட மனமில்லாதவர்கள்தான் ஒரு மணி நேர வகுப்பை இழக்கிறார்கள்.

ஓபிஎஸ் ஒரே கோப்பில் ஆறு ஒலித் தடங்கள் வரை தனித்தனியாகப் பதிய வல்லது. சில பதிப்புகளில் இதற்கு வெளியீட்டு அமைப்பை ‘அட்வான்ஸ்டு’ முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். பெரும்பாலான காணொளி இயக்கிகள் முதல் தடத்தை மட்டுமே இயக்கும் என்பதால், முதல் தடத்தில் இரண்டு குரலும் கலந்திருக்குமாறும், இரண்டாவதில் மைக் மட்டும், மூன்றாவதில் கணினி ஒலி மட்டும் இருக்குமாறும் வைத்துக்கொள்வது நல்லது. மாணவர் குரல் மெலிந்து கேட்டால் பின்னர் அந்தத் தடத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். தாத்தா கதை சொல்லும்போது பேரனின் அறையில் நாய் குரைத்தால் இரண்டாம் தடத்தை எடுத்துவிட்டால் போதும்.

மேக்கும் அலைபேசியும்

மேக் கணினியில் குவிக்டைம் திரையைப் பதியும், மைக்கைப் பதியும், கணினி ஒலியைப் பதியாது. அதற்காகச் சவுண்ட்பிளவர், பின்னர் பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் ஒலிக்கருவிகளை நிறுவிக்கொள்வது வழக்கம். மேக் ஓஎஸ் 13 முதல் ஓபிஎஸ் அவையின்றியே ஒலியை எடுக்கிறது.

ஆண்ட்ராய்டு அலைபேசிகளில் 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு முதல் திரையைப் பதிய முடிந்தது. பிற செயலிகளின் ஒலியைப் பதிய 2019-இல் வந்த 10-ஆம் பதிப்புதான் வழி திறந்தது. 2020-இல் வந்த 11-ஆம் பதிப்பில் திரைப்பதிவி அலைபேசியோடே வருகிறது. ஒலியை எங்கிருந்து எடுப்பது என்று அது கேட்கும்போது கருவியின் ஒலியையும் மைக்கையும் சேர்த்துத் தெரிவு செய்யலாம். ஆனால் அழைப்பில் வரும் மறுமுனைக் குரலை இந்த வழி பொதுவாகப் பதிய விடாது. ஆகவே அலைபேசியில் நடக்கும் வகுப்பை அலைபேசியிலேயே பதிவது நம்பத்தக்கதன்று. ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இவ்வசதி உண்டு. பதிவுப் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால்தான் மைக்கைத் திறக்கும் குறி தெரியும்.

வழக்கமான கோளாறுகள்

இரண்டு மூலங்களையும் பதியும்போது ஸ்பீக்கர் திறந்திருந்தால், மாணவர் குரல் வெளிவழியில் ஒருமுறையும், ஸ்பீக்கரிலிருந்து மைக்கில் புகுந்து இன்னொரு முறையும் பதிவாகும். குகைக்குள் பேசுவதுபோல் கேட்கும். ஹெட்போன் மாட்டினால் இது தீரும். வயர் உள்ள ஹெட்போனே மேல். புளூடூத் வகையில் மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கினால் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

இடையில் ஹெட்போனைச் செருகுவதும் ஆபத்து. சில கணினிகளில் புளூடூத்தையோ புரொஜெக்டர் வயரையோ இணைத்தவுடன் ஒலி வேறொரு வெளியீட்டுக்கு மாறும். பதிவு மென்பொருள் பழைய வெளியீட்டையே கேட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து பதிவில் ஒலி இராது. எந்தக் கருவியை இணைக்க வேண்டுமோ அதைப் பதிவுக்கு முன்பே இணைத்துவிட வேண்டும்.

கணினி ஒலி என்றால் கணினியின் எல்லா ஒலியும் என்பதையும் மறக்கக் கூடாது. பாடத்தின் நடுவே வாட்ஸ்அப் மணி அடித்தால் அதுவும் பாடத்தில் சேரும். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத் தொடங்குவதே முறை.

இசைவும் உரிமையும்

மாணவர் குரல் பதிவாகிறது என்றால் அது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட இந்திய இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தவறான விடை சொன்ன குரல் ஊரெல்லாம் சுற்றும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அடுத்த முறை வாய் திறக்காது. பதிவு வகுப்புக்குள் மட்டும் சுற்றுவது நல்லது. முதியவர்களிடம் கதையோ பாட்டோ கேட்டுப் பதியும்போதும், அதை எங்கே வைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

பிறர் உருவாக்கிய காணொளியைப் பதிவது வேறு கேள்வி. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஓர் ஆக்கத்தைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அதே படியை இணையத்தில் எல்லாருக்கும் ஏற்றிவைப்பது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று கருதிவிடக் கூடாது. கட்டணத் திரைப்படத் தளங்களைப் பதிய முயன்றால் படம் கறுப்பாக விழுவதும் பழுதன்று, வேண்டுமென்றே போட்ட பூட்டு.

மலைக்கு ஏற்ற கோப்பு

1366 × 768 புள்ளிகள் கொண்ட மடிக்கணினித் திரையின் ஒரு படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 31 லட்சம் பைட்டு. விநாடிக்கு 30 படம் எனில் 94 மெகாபைட்டு. ஒரு மணி நேர வகுப்பு 340 கிகாபைட்டைத் தொடும். ஆகவே எல்லா மென்பொருளும் சுருக்கியே சேமிக்கின்றன. எவ்வளவு சுருக்குவது என்பது பயனர் கையில் உள்ளது. விநாடிக்கு 1000 கிலோபிட்டு என வைத்தால் ஒரு மணி நேரம் 450 மெகாபைட்டு. கரும்பலகை போன்ற அசையாத பாடத்துக்கு விநாடிக்கு 10 முதல் 15 படமே போதும். படத்துக்கு 300, ஒலிக்கு 64 கிலோபிட்டு என இறக்கினால் 20 நிமிடப் பாடம் ஏறத்தாழ 55 மெகாபைட்டில் முடியும். மேட்டில் சற்று நேரம் கிடைக்கும் இணைப்பிலும் இறக்கிக்கொள்ளத்தக்க அளவு அது. இடம் போதாதபோது படத்தைத்தான் குறைக்க வேண்டும், ஒலியை அன்று. மங்கிய எழுத்தை ஆசிரியர் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு ஊகித்துவிடலாம். கரகரத்த குரலை எழுத்தைப் பார்த்து மீட்க முடியாது.

மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் கோப்பு வகையும் முக்கியம். வழக்கமான எம்பி4 கோப்பு, பதிவு முறையாக நிறுத்தப்படும்போதுதான் தன் உள்ளடக்க அட்டவணையை எழுதிக்கொள்கிறது. நடுவில் கணினி அணைந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவி வகையில் அணைந்த நொடி வரை உள்ளது பிழைக்கும். எம்கேவியில் பதிந்து, பிறகு ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலிலுள்ள ‘ரீமக்ஸ்’ வழியாக எம்பி4 ஆக்கிக்கொள்வது பாதுகாப்பு. தரம் குறையாது, சில விநாடிகளே ஆகும்.

பென் டிரைவில் படியெடுக்கும்போது ‘கோப்பு பெரிது’ என்ற செய்தி வந்தால், அதில் இடமில்லை என்று பொருளன்று. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற அமைப்பில் இருக்கின்றன. அது 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. விநாடிக்கு 6000 கிலோபிட்டில் பதிந்த இரண்டு மணி நேரம் 5.4 கிகாபைட்டு ஆகிவிடும். பாடத்தைத் துண்டுகளாகப் பதிந்தால் இச்சிக்கல் எழாது, கேட்பவருக்கும் அதுவே எளிது. பொதுவகத்தில் எல்லாருக்கும் பயன்படுமாறு ஏற்ற விரும்புவோர் வெப்எம் வகைக்கு மாற்ற வேண்டும். காப்புரிமைச் சிக்கலால் விக்கிமீடியா பொதுவகம் எம்பி4 காணொளியை ஏற்பதில்லை.

தொடுதிரை அலைபேசி இல்லாத வீடுகளுக்கு ஒலியை மட்டும் பிரித்துத் தரலாம். விஎல்சி இயக்கியில் ‘கன்வர்ட்’ என்ற தெரிவில் எம்பி3 வகையைக் குறித்தால், அதே 20 நிமிடப் பாடம் 64 கிலோபிட்டில் 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். மெமரி கார்டு போடும் வசதியுள்ள பட்டன் அலைபேசியில் அதைப் போட்டுக் கேட்கலாம். ஆசிரியர் பலகையில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்; மாணவியின் கேள்வி முதல் தடத்தில் இருக்க வேண்டும்.